எஸ்னா: நைல் கரையில் ஒரு சிற்றூர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஸ்னா எங்கே இருக்கிறது?

எகிப்தின் தென்பகுதியில், லக்சர் நகரிலிருந்து தெற்கே சுமார் 55 கிலோமீட்டர் தொலைவில், நைல் நதியின் மேற்குக் கரையில் இருக்கிறது. இன்னும் 50 கிலோமீட்டர் தெற்கே போனால் எட்ஃபூ. வரைபடத்தில் கீழே இருக்கும் இந்தப் பகுதியைத்தான் ‘மேல் எகிப்து’ என்கிறார்கள். நைல் தெற்கிலிருந்து வடக்கே பாய்வதால் ஆற்றின் மேட்டுப்பகுதி தெற்கே இருக்கிறது. வழி கேட்கும்போதும் படகுக்காரர்களிடம் பேசும்போதும் இதை நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

லக்சரும் அஸ்வானும் இருக்கும்போது எஸ்னாவுக்கு எதற்குப் போக வேண்டும்?

லக்சரின் கர்னாக் கோயிலில் பார்ப்பது பிரம்மாண்டம். எஸ்னாவில் பார்ப்பது நிறம். எகிப்தியக் கோயில்கள் பழுப்புக் கல்லாகவே இருந்தவை என்று நாம் நினைத்துப் பழகிவிட்டோம். உண்மையில் அவை நம் ஊர்க் கோபுரங்களைப் போலவே வண்ணம் தீட்டப்பட்டவை. அந்த வண்ணம் கூரை முதல் தூண் வரை இவ்வளவு பளிச்சென்று தெரியும் இடங்கள் மிகச் சில. எஸ்னா அவற்றில் ஒன்று.

இன்னொரு காரணம், கோயில் ஊருக்கு நடுவே இருப்பது. பாலைவனத்தில் வேலி போட்டு வைத்த தளம் அல்ல இது. சுற்றிலும் வீடுகள், துணிக்கடைகள், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள். சொகுசுக் கப்பலில் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு மணி நேரம் இறங்கி, கோயிலைச் சுற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். பலர் இறங்குவதே இல்லை. இந்தப் பக்கத்தை எழுதுவதே அவர்களிடம் சொல்வதற்காகத்தான்: எஸ்னாவுக்கு ஒரு முழு நாள் கொடுங்கள்.

கோயில் ஏன் பள்ளத்துக்குள் இருக்கிறது?

கோயில் கீழே இறங்கவில்லை, ஊர்தான் மேலே ஏறியது. பச்சை மண் செங்கல் வீடுகள் இடிய, அந்த மேட்டின் மேலேயே அடுத்த வீட்டைக் கட்டினார்கள். ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இது நடந்ததில், இன்றைய தெரு கோயிலின் தரைமட்டத்தைவிடச் சுமார் 9 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. படிகளில் இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் முகம்மது அலி பாஷாவின் ஆட்சியில் மண்டபத்தின் உட்புறம் தோண்டிச் சுத்தம் செய்யப்பட்டது. அக்காலத்தில் பருத்தி மூட்டைகளை அடுக்கும் கிடங்காகவும் அது இருந்தது.

இன்று நிற்பது முகமண்டபம் மட்டுமே. ஏறத்தாழ 37 மீட்டர் அகலம், 20 மீட்டர் ஆழம், 24 தூண்கள். பின்னால் இருந்த கருவறைப் பகுதி நிற்கவில்லை. ஆனாலும் இந்த மண்டபம் பிழைத்ததே பெரிது. நெப்போலியனின் படையோடு வந்த அறிஞர்கள் எஸ்னாவைச் சுற்றி வேறு சிறு கோயில்களையும் கண்டு வரைந்து வைத்தார்கள். பின்னாளில் கட்டுமானத்துக்குக் கல் தேவைப்பட்டபோது அவை இடிக்கப்பட்டுவிட்டன. அந்தக் கோயில்கள் இன்று அந்த வரைபடங்களில் மட்டுமே இருக்கின்றன.

கோயிலுக்குள் எதைப் பார்ப்பது? ஒரே மண்டபம்தானே?

ஒரே மண்டபம்தான். ஆனால் வாசிக்கத் தொடங்கினால் நேரம் போவது தெரியாது. கையில் ஒரு சிறிய இருகண் தொலைநோக்கி இருந்தால் நல்லது. கூரை சுமார் 14 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெறும் கண்ணால் பார்த்தால் பாதிதான் தெரியும். மண்டபம் கிழக்குப் பார்த்தது, அதனால் காலை வெளிச்சம் நன்றாக உள்ளே வரும்.

முதலில் தூண்களின் தலைப்பகுதிகளைப் பாருங்கள். தாமரை, பேப்பிரஸ் நாணல், பேரீச்ச ஓலை, திராட்சைக் கொத்து என்று வெவ்வேறு வகையாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் சிற்பி புதிதாக ஏதாவது முயன்றிருக்கிறார்.

பிறகு கூரையின் நடுப்பகுதி. சிறகு விரித்த பறவைகள் இரண்டு வரிசையாகப் பறக்கின்றன, மொத்தம் 46. சிலவற்றுக்குக் கழுகுத் தலை, அது மேல் எகிப்தின் தெய்வம் நெக்பெட். மற்றவற்றுக்கு நாகத்தின் தலை, அது கீழ் எகிப்தின் தெய்வம் வாஜெட். பல நூற்றாண்டுப் புகைக்கரி இவற்றின் நிறத்தை மூடியிருந்தது. இவற்றின் வண்ணங்கள் வெளிவந்த செய்தி 2022இல் அறிவிக்கப்பட்டது.

அடுத்து, வாசலுக்கு அருகே மூலைகளில் இருக்கும் இரண்டு விசித்திரமான பாடல்கள். ஒன்று கிட்டத்தட்ட முழுவதும் ஆட்டுக்கடா உருவ எழுத்துகளாலேயே எழுதப்பட்டது, இன்னொன்று முதலை உருவங்களால். படவெழுத்தில் ஒரே உருவத்துக்குப் பல ஒலிகளைக் கற்பிக்க முடியும் என்பதைப் பூசகர்கள் எல்லை வரை கொண்டுபோயிருக்கிறார்கள். படிக்கத் தெரிந்தவர்களையே திணறடிக்கும் எழுத்து இது. வழிகாட்டிகள் பலர் இதைச் சொல்லாமல் கடந்துவிடுவதால் நீங்களே கேட்டுப் பாருங்கள்.

மன்னர்களின் பெயர்கள் முட்டை வடிவக் கட்டத்துக்குள் இருக்கும். பின்சுவர், ரோமானியருக்கு முன் எகிப்தை ஆண்ட கிரேக்க வழித் தாலமி அரசர்கள் காலத்தது. மற்றவை ரோமானியப் பேரரசர்களுடையவை. கிளாடியஸ் காலத்தில் தொடங்கி டெசியஸ் (249–251) வரை சுமார் 200 ஆண்டுகள் செதுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். படவெழுத்தில் பெயர் பொறிக்கப்பட்ட கடைசிப் பேரரசர்களில் டெசியஸ் ஒருவர். செப்டிமியஸ் செவெரஸ் தன் மனைவி, மகன்களோடு நிற்கும் காட்சியில் ஓர் உருவம் சுரண்டி அழிக்கப்பட்டிருப்பதைத் தேடுங்கள். அது இளைய மகன் கேட்டா. தந்தை இறந்தபின் அண்ணன் கரகல்லா 211இல் தம்பியைக் கொல்வித்தான், பேரரசெங்கும் அவன் பெயரையும் உருவத்தையும் அழிக்கச் சொன்னான். ரோமில் பிறந்த அந்த ஆணை நைல் கரையில் இருக்கும் இந்தச் சிற்றூர் வரை வந்து உளியைத் தூக்க வைத்திருக்கிறது.

கூரையில் இருக்கும் ராசிகள் நம்முடைய ராசிகள்தானா?

ஆம். பன்னிரண்டும் அப்படியே அடையாளம் தெரியும்: மேஷம், ரிஷபம், தேள், துலாக்கோல், மீன் எல்லாம் உண்டு. தனுசு வில்லேந்திய பாதிக் குதிரை மனிதன். மகரம் ஆட்டின் முன்னுடலும் மீனின் வாலும் கொண்டது. வியாழன், சனி, செவ்வாய் கிரகங்களும் வரையப்பட்டிருக்கின்றன.

ராசி மண்டலம் எகிப்தின் சொந்தச் சரக்கு அல்ல. பாபிலோனில் உருவாகி, கிரேக்கர்கள் வழியாக எகிப்துக்கு வந்தது. அதே கிரேக்க வழியில்தான் இந்தியாவுக்கும் வந்தது. எகிப்தியர்கள் தங்களுடைய பழைய நட்சத்திரத் தெய்வங்களை விட்டுவிடாமல் இவற்றோடு சேர்த்து வரைந்தார்கள். பஞ்சாங்கம் பார்த்து வளர்ந்த ஒருவர் அந்தக் கூரையின் கீழ் நிற்கும்போது, வழிகாட்டி இல்லாமலேயே பாதியைப் படித்துவிடலாம். பழுதில்லாத பன்னிரு ராசி மண்டலம் எகிப்தியக் கோயில்களில் மிக அரிது.

இங்கே வணங்கப்பட்ட தெய்வம் யார்?

குனூம். ஆட்டுக்கடாத் தலை கொண்ட குயவர் கடவுள். நைலின் களிமண்ணை எடுத்துத் திகிரியில் வைத்து மனிதர்களை வனைந்தவர் என்பது நம்பிக்கை. எலும்பு, தோல், மயிர், மூச்சுவிட நுரையீரல் என்று ஒவ்வோர் உறுப்பையும் அவர் எப்படிச் செய்தார் என்று விவரிக்கும் நீண்ட துதி இந்தக் கோயிலில் பொறிக்கப்பட்டிருக்கிறது. எகிப்தியர் மட்டுமல்லாமல் அயல்மொழி பேசுவோரையும் அவரே படைத்தார் என்று அது சொல்கிறது. ஆண்டுதோறும் திகிரியை நிறுவும் திருவிழாவும் இங்கே நடந்தது.

அவரோடு நெய்த் என்ற பெண் தெய்வமும் இங்கே முக்கியம். அவள் நைலின் பெரிய கொடுவா வகை மீனாக உருவெடுத்தாள் என்பார்கள். அந்த மீன் ‘லேட்டஸ்’ எனப்பட்டதால் கிரேக்கர்கள் ஊருக்கே லாட்டோபோலிஸ் என்று பெயர் வைத்தார்கள். பதப்படுத்தப்பட்ட மீன்களைப் புதைத்த இடங்கள் ஊருக்கு மேற்கே கண்டெடுக்கப்பட்டன.

வண்ணங்கள் புதிதாகப் பூசியவையா?

இல்லை, இந்தச் சந்தேகம் எல்லாருக்கும் வருகிறது. எகிப்தியத் தொல்லியல் துறையும் ஜெர்மனியின் ட்யூபிங்கன் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2018இல் தொடங்கிய பணியில் செய்தது சுத்தம் மட்டுமே. சமையல் புகையின் கரி, பறவை எச்சம், வௌவால் கழிவு, தூசி எல்லாம் கெட்டியாகப் படிந்திருந்தன. அவற்றை அங்குலம் அங்குலமாக நீக்கினார்கள். கீழே பழைய வண்ணம் அப்படியே இருந்தது. எகிப்தியப் பாதுகாப்பு நிபுணர்களின் பொறுமையான கைவேலை இது. ஆய்வாளர்கள் படித்திராத மை எழுத்துகளும் கரியின் அடியிலிருந்து வெளிவந்தன. எழுத்துகளைச் செதுக்காமல் மையால் மட்டும் எழுதிய இடங்கள் அவை.

கோயிலைத் தவிர ஊரில் என்ன பார்க்கலாம்?

கோயிலுக்கு எதிரே, சில அடிகளில், வகாலத் அல்-கெத்தாவி என்ற பழைய வணிகர் சத்திரம் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்டது. நடுவில் முற்றம், கீழே சரக்கு அறைகள், மேலே வணிகர்கள் தங்கும் அறைகள். சூடான் பக்கத்திலிருந்து ஒட்டக வரிசைகள் தந்தத்தையும் தீக்கோழி இறகையும் பிசினையும் கொண்டுவந்த காலத்தில் எஸ்னா பெரிய சந்தை ஊர்.

அருகிலேயே அல்-அம்ரி பள்ளிவாசலின் பழைய மினார். ஃபாத்திமிய ஆட்சியில் 1081இல் எழுப்பப்பட்டது. பள்ளிவாசல் புதிது, மினார் மட்டும் பழையது. கைசரிய்யா எனப்படும் துணிச்சந்தைத் தெருவும் அங்கேதான். தையல் இயந்திரத்தின் சத்தம் கேட்கும் தெரு.

எண்ணெய்ச் செக்கு ஒன்றும் இருக்கிறது. லெட்யூஸ் கீரையின் விதையிலிருந்து எண்ணெய் ஆட்டுவது எஸ்னாவின் பழைய தொழில். செக்கு எண்ணெயின் மணம் அறிந்தவர்கள் அந்த அறைக்குள் நுழைந்ததும் ஒரு நிமிடம் நின்றுவிடுவார்கள்.

இந்தப் பழைய ஊர்ப்பகுதியை இடித்துவிட்டுக் கோயிலைச் சுற்றி வெட்டவெளி ஆக்கும் யோசனை ஒருகாலத்தில் இருந்தது. அப்படிச் செய்யாமல், வீடுகளையும் கடைகளையும் சத்திரத்தையும் பழுதுபார்த்து, உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சியும் வேலையும் கொடுத்தார்கள். அந்தத் திட்டம் 2025ஆம் ஆண்டின் ஆகா கான் கட்டடக்கலை விருதுகளில் ஒன்றைப் பெற்றது. முழுத் தகுதியோடு பெற்ற விருது என்பது என் கருத்து. கோயிலை மட்டும் காப்பாற்றி ஊரை விரட்டியிருந்தால் எஸ்னாவில் எஸ்னா மிஞ்சியிருக்காது.

ஊருக்குத் தென்மேற்கே, பாலைவன விளிம்பில், தேய்ர் அல்-ஷுஹதா என்ற தியாகிகள் மடம் இருக்கிறது. எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்களின் பழைய மடம், உள்ளே பழஞ்சுவர் ஓவியங்கள் உண்டு.

எஸ்னாவின் நடனப் பெண்களைப் பற்றிப் படித்தேன். அது உண்மையா?

1834இல் முகம்மது அலி கெய்ரோவிலிருந்து நடனப் பெண்களை வெளியேற்றித் தெற்கே அனுப்பினார். எஸ்னா, கெனா, அஸ்வான் ஆகிய ஊர்களில் பலர் குடியேறினார்கள். படகில் வந்த ஐரோப்பியப் பயணிகள் அவர்களைத் தேடி வந்து, பக்கம் பக்கமாக எழுதினார்கள். அந்தப் பெண்கள் தங்களைப் பற்றிச் சொன்னது எதுவும் நம்மிடம் வந்து சேரவில்லை. இன்றைய எஸ்னாவில் அதைத் தேடிப் போவதும், அங்கே இருக்கும் பெண்களிடம் அந்தப் பேச்சை எடுப்பதும் மரியாதை அல்ல.

தமிழர்களுக்கும் இந்தப் பகுதிக்கும் தொடர்பு உண்டா?

எஸ்னாவோடு நேரடித் தொடர்புக்குச் சான்று இல்லை. ஆனால் இதே ஆற்றில், லக்சருக்கு வடக்கே இருக்கும் கிஃப்ட் என்ற ஊரின் வழியாக நம் மிளகு போயிருக்கிறது. அன்று அதன் பெயர் கோப்டோஸ். செங்கடல் துறைமுகங்களான பெரெனிகே, மியோஸ் ஹோர்மோஸ் ஆகியவற்றில் இறக்கிய சரக்கு, பாலைவனத்தை ஒட்டகத்தில் கடந்து கோப்டோஸ் வந்து, அங்கிருந்து படகில் அலெக்சாந்திரியா போனது. மியோஸ் ஹோர்மோஸ் இருந்த குசேர் அல்-கதீமில் கண்ணன், சாத்தன் என்ற பெயர்களும் ‘பானை ஒறி’ (பானை தொங்கவிடும் உறி) என்ற சொற்களும் தமிழ்ப் பிராமியில் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. பெரெனிகேயில் ஓர் இந்தியத் தாழி நிறைய ஏழரைக் கிலோ கருமிளகு அகழ்வில் வந்தது.

எஸ்னா மண்டபம் எழுந்த காலமும் அந்த வணிகத்தின் காலமும் ஒன்று. கோயம்புத்தூருக்கு அருகே வெள்ளலூரில் புதையலாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுகளில் கிளாடியஸின் முகம் இருக்கிறது. எஸ்னாவில் அவருடைய பெயர் படவெழுத்தில் இருக்கிறது.

எந்த மாதத்தில் போகலாம்?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை சிறந்தது. இரவில் குளிரும், ஒரு கம்பளிச் சட்டை வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை பகலில் 40 டிகிரியைத் தாண்டும், தவிர்த்துவிடுங்கள். 2026, 2027இல் ரமலான் நோன்பு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வருகிறது. பகலில் உணவுக்கடைகள் மூடியிருக்கும், ஆனால் நோன்பு திறக்கும் நேரத்துத் தெரு பார்க்க வேண்டிய ஒன்று. உங்களையும் உட்காரச் சொல்வார்கள்.

எப்படிப் போவது?

லக்சரிலிருந்து காரில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். பகிர்ந்து போகும் சிறு வேன்கள் மலிவு. ரயிலும் உண்டு, ஆனால் தண்டவாளம் கிழக்குக் கரையில் இருக்கிறது, ஊர் மேற்குக் கரையில். நிலையத்தில் இறங்கி, வண்டி பிடித்து ஆற்றைக் கடக்க வேண்டும்.

கப்பலில் வருகிறவர்கள் தடுப்பணையைக் கடக்க வேண்டியிருக்கும். பழைய அணை 1908இல் முடிந்தது, 1990களில் புதியது கட்டப்பட்டது. பக்கத்தில் இருக்கும் நீர்க்கதவு அறைக்குள் கப்பல்களை விட்டு, நீரை ஏற்றி இறக்கி மறுபக்கம் அனுப்புகிறார்கள். கூட்டமான நாட்களில் வரிசை நீளும். அந்தக் காத்திருப்பு நேரத்தில்தான் சிறு படகுக்காரர்கள் கப்பலைச் சூழ்ந்து, துணிகளைப் பையில் கட்டி மேல்தளத்துக்கு வீசி விற்பார்கள். வேண்டாம் என்றால் அப்படியே திருப்பி வீசிவிடலாம்.

என் பரிந்துரை தஹபியா எனப்படும் இரட்டைப் பாய்மரப் படகு. எஸ்னாவிலிருந்து அஸ்வானுக்கு நான்கைந்து நாட்களில் போகும். நீரோட்டம் வடக்கே, காற்று வீசுவது தெற்கே. அதனால் பாயை விரித்தால் ஓட்டத்துக்கு எதிராகவே படகு நகரும். எகிப்தியர்கள் ஐயாயிரம் ஆண்டுகளாக இப்படித்தான் தெற்கே போனார்கள். செலவு கூடுதல்தான்.

விசா, பணம்?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். விதிகள் மாறுகின்றன, புறப்படும் முன் எகிப்தியத் தூதரகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பல தொல்லியல் தளங்களில் டிக்கெட்டுக்கு வங்கி அட்டை மட்டுமே வாங்குகிறார்கள். ஊருக்குள் டீக்கும் வண்டிக்கும் சில்லறை நோட்டுகள் தேவை. இரண்டும் கையில் இருக்கட்டும்.

தங்க இடம் கிடைக்குமா?

விடுதிகள் மிகக் குறைவு. பெரும்பாலோர் லக்சரில் தங்கி, விடியற்காலையில் புறப்பட்டு, மாலையில் திரும்புகிறார்கள். தஹபியாவில் போகிறவர்கள் ஏறும் நாளின் காலையிலேயே ஊருக்கு வந்துவிட்டால் முழுப் பகலும் கிடைக்கும்.

சைவ உணவு கிடைக்குமா?

தாராளமாக. ‘ஃபூல்’ என்பது மொச்சை போன்ற ஃபாவா பயற்றை இரவெல்லாம் வேகவைத்து மசித்து, எண்ணெயும் சீரகமும் எலுமிச்சையும் சேர்த்தது, அதுதான் காலை உணவு. ‘தஅமிய்யா’ அதே பயற்றை அரைத்துப் பொரித்த வடை. ‘கோஷரி’ என்றால் சோறு, பருப்பு, மக்ரோனி, வறுத்த வெங்காயம், தக்காளிச் சாறு எல்லாம் ஒரே கிண்ணத்தில். தெற்கத்திய வீடுகளில் மாவை வெயிலில் புளிக்கவைத்துச் சுடும் ‘அய்ஷ் ஷம்ஸி’ ரொட்டியைத் தவறவிடாதீர்கள். ‘மொலோகியா’ கீரைதான், ஆனால் கோழி அல்லது முயல் வேகவைத்த நீரில் சமைப்பது வழக்கம். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். குடிக்கச் செம்பருத்தி வகைப் பூவில் செய்த ‘கர்கதே’.

பெண்கள் தனியாகப் போகலாமா? என்ன உடுத்த வேண்டும்?

போகலாம். தெற்கு எகிப்து பழமை பேணும் பகுதி. தோளும் முழங்காலும் மூடிய தளர்வான பருத்தி உடை ஆண், பெண் இருவருக்கும் நல்லது. சல்வார் மிகப் பொருத்தம். தெருவோரத் தேநீர்க்கடைகளில் ஆண்களே உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பெண் தனியாக உட்கார்ந்தால் பார்வைகள் வரும், தொல்லை பெரும்பாலும் வராது. பெண்களைக் கேட்காமல் புகைப்படம் எடுக்காதீர்கள். பிள்ளைகளை எடுப்பதென்றால் பெற்றோரிடம் கேளுங்கள்.

கடைக்காரர்கள் தொல்லை செய்கிறார்கள் என்று சொல்கிறார்களே?

படகுத்துறையிலிருந்து கோயில் வரை வழிநெடுகக் கடைகள். அழைப்பார்கள், சில அடிகள் கூட வருவார்கள். ‘லா, ஷுக்ரன்’ (வேண்டாம், நன்றி) என்று சிரித்த முகத்தோடு சொல்லி நடங்கள். கப்பல்கள் வராத ஆண்டுகளில் இந்தக் குடும்பங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாங்குவதாக இருந்தால் ‘பிகாம்?’ (எவ்வளவு?) என்று கேட்டு, பாதியிலிருந்து பேரம் தொடங்குங்கள். ஒரு விலையை நீங்களே சொல்லி அவர் ஒப்புக்கொண்டபின் வேண்டாம் என்று போவது அங்கே அவமதிப்பு. காவலர் ஒருவர் மூலையில் இருக்கும் சிற்பத்தைக் காட்டினால் சிறிது ‘பக்ஷீஸ்’ (இனாம்) எதிர்பார்ப்பார்.

ஆற்றில் குளிக்கலாமா?

கரையோரத் தேங்கிய நீரிலும் வாய்க்கால்களிலும் கால் வைக்க வேண்டாம். நத்தைகள் மூலம் பரவும் பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணி நோய் எகிப்தில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. குடிக்கப் புட்டி நீர் மட்டும்.

எஸ்னாவிலிருந்து அடுத்து எங்கே?

தெற்கே போகும் வழியில் கிழக்குக் கரையில் எல்-கப். கூரையில் பார்த்த நெக்பெட்டின் சொந்த ஊர் அதுதான். மிகப் பெரிய மண்செங்கல் மதிலும், மலையில் குடைந்த கல்லறைகளும் உண்டு. எகிப்தின் வடபகுதியை ஆண்ட அயலாரான ஹிக்சோஸ் அரசர்களுக்கு எதிரான போரில் சண்டையிட்ட மாலுமி, ஏபானாவின் மகன் அஹ்மோஸ், தன் வாழ்க்கையை அங்கே தன் கல்லறைச் சுவரில் எழுதிவைத்திருக்கிறான். பெரிய கப்பல்கள் நிற்பதில்லை, காரிலோ தஹபியாவிலோ போனால்தான் முடியும். அதைப் பார்த்துவிட்டு எட்ஃபூவில் பருந்துத் தெய்வம் ஹோரஸின் கோயிலுக்கு மாலைக்குள் போய்ச் சேரலாம்.